செக்ரட்டரியம்மாவும் பேர் தெரியாத தங்கச்சியும்

எங்க அத்தை ஒரு வெளிநாட்டு உளவாளிப் பட வரிசையில அஞ்சு பாகத்துலயும் இருக்காங்க. முகம் இருக்காது, குரல் மட்டும். அந்தப் படத்துல உளவுத்துறைத் தலைவர்னு ஒரு பெரியவர் வருவாரு. அவர் ரூமுக்கு வெளிய ஒரு செக்ரட்டரியம்மா உட்கார்ந்திருக்கும். ஹீரோ கதவைத் தட்டாம உள்ள போவான், அந்தம்மா கண்ணாடிக்கு மேல பார்த்து ஏதோ சொல்லும். தமிழ்ல வர்ற அந்த ஏதோதான் எங்க அத்தை.

அஞ்சு படத்துக்கும் சேர்த்து நாப்பத்தொரு வசனம்.

"அதுல பாதி 'சார், லைன்ல இருக்காங்க'தானே அத்தை?"ன்னு சீண்டினா, "டேய், அது பதினாலுதான். மீதியெல்லாம் நடிப்பு"ம்பாங்க.

ஆனா அந்தப் பதினாலுலயும் ஒண்ணு இருக்கு. மூணாவது படத்துல ஹீரோ செத்துட்டான்னு எல்லாரும் தொங்கின மூஞ்சியோட இருக்கும்போது, போனைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப சாதாரணமா, "சார், அவர் லைன்ல இருக்காரு"ன்னு சொல்லும் அந்தம்மா. தியேட்டர்ல விசில்ல காது கிழிஞ்சது. அத்தை என் கையை நகம் பதியப் பிடிச்சாங்க. பக்கத்துல மாமா விசில் சத்தத்துல முழிச்சு, "இடைவேளையா?"ன்னாரு. மாமா பார்சல் வேன் ஓட்டுறவர். இருட்டும் சாஞ்ச சீட்டும் ஒண்ணா கிடைச்சா அவரால தாங்க முடியாது.

பகல்ல அத்தைக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில ரிசப்ஷன் வேலை. அங்கயும் அதே குரல்தான். "ஏழாம் நம்பர், உள்ள போகலாம்"னு அவங்க சொன்னா, ஏழாம் நம்பர் ஏதோ எதிரி நாட்டுக்குள்ள குதிக்கப் போற மாதிரி சட்டையை இழுத்து விட்டுக்கிட்டுப் போவாரு.

டப்பிங் வேலையும் அங்க கிடைச்சதுதான். ஒருநாள் கன்னம் வீங்கின ஒரு ஆள் வந்து உட்கார்ந்தாரு. அத்தை அவர் நம்பரைக் கூப்பிட்டாங்க. அவர் எந்திரிக்காம, "இன்னொண்ணு போலாமா?"ன்னாரு. வலியில புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சு அத்தை டாக்டரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது, அவர் டப்பிங் ஸ்டுடியோ நடத்துறவர், எதையும் ஒரு தடவை கேட்டுத் திருப்தி ஆகாதவர்னு. எங்க வீட்ல அவர் பேரே 'இன்னொண்ணு'தான்.

அடுத்த வாரம் அத்தை ஒரு மைக்கைச் சுத்தி எட்டுப் பேரோட நின்னு, "ஐயோ ஓடுங்க, வெடிக்கப் போகுது!"ன்னு கத்துனாங்க. நாலு வருஷம் அதேதான். அந்த நாலு வருஷத்துல தமிழுக்கு வந்த எந்த வெடிவிபத்துல இருந்தும் எங்க அத்தை ஓடாம இருந்ததில்ல. அதுக்கப்புறம்தான் அந்த செக்ரட்டரி நாற்காலி கிடைச்சது. எட்டு வருஷமா அதுல உட்கார்ந்திருக்காங்க.

நான் மிமிக்ரி பண்றவன். வேலை தேடி இந்த ஊருக்கு வந்து அத்தை வீட்ல தங்கினேன், வேலை கிடைச்சும் கிளம்பல. இணையத்துல 'காதுல பூ'ன்னு ஒரு பக்கம் வச்சு குரல் வீடியோ போடுவேன். யார் நடத்துறாங்கன்னு வெளியவும் தெரியாது, வீட்லயும் தெரியாது. வீட்ல எனக்கு ஒரே ஒரு கட்டளை, அத்தை பேசறதைப் பதிவு பண்ணக் கூடாது. ஒரு தடவை அவங்க குறட்டையைப் பதிவு பண்ணி அதுமேல ஹெலிகாப்டர் படத்தை ஒட்டிட்டேன். அன்னிக்கு வந்த கட்டளை.

இப்ப வினை வந்த கதைக்கு வரேன்.

ஆறாவது படம் அறிவிச்சாங்க. கூடவே ஒரு சேதி: தலைவர், செக்ரட்டரி, கருவி செஞ்சு கொடுக்கிற தாத்தா, எல்லாருக்கும் புது ஆளுங்க. ரசிகர்களுக்குச் சோறு தண்ணி இறங்கல. ஆளாளுக்கு யாரைப் போடலாம்னு யோசனை. தலைவரா ஒரு கண்டிப்பான ஸ்கூல் டீச்சர் வேணும்னு ஒருத்தன். கருவித் தாத்தாவுக்குப் பதிலா சின்னப் பையன் வேணும், தாத்தா கண்டுபிடிச்ச பேனாவே தாத்தாவுக்கு எழுதலைன்னு இன்னொருத்தன். வில்லனோட சமையல்காரன்தான் அஞ்சு படத்துலயும் சாகாம தப்பிச்ச ஒரே ஆள், அவனையே உளவுத்துறைக்குத் தலைவராக்குங்கன்னு ஒரு மகராசி. செக்ரட்டரி விஷயத்துல மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. சின்னப் பொண்ணா, துடுக்கா இருக்கணுமாம்.

அத்தை சாயங்காலமானா அதையெல்லாம் உட்கார்ந்து படிப்பாங்க. "முகம் மாறினா குரலும் மாறிடுமாடா?"ன்னு கேப்பாங்க. நான் சிரிச்சு மழுப்புவேன். நாற்காலி போச்சுன்னா மறுபடி எட்டுப் பேரோட நின்னு "ஐயோ ஓடுங்க"தான். அது அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெரிஞ்சும் நான் என்ன பண்ணேன்? அந்த யோசனைகளுக்கெல்லாம் குரல் கொடுத்து ஒரு வீடியோ போட்டேன். டீச்சர் தலைவர், பொடிப்பையன் விஞ்ஞானி, சமையல்காரத் தலைவர், எல்லாம் நானே. செக்ரட்டரி மட்டும் வரல. நான் பொண்ணு குரல் எடுத்தா ஜலதோஷம் பிடிச்ச ஆடு மாதிரி இருக்கும். அப்பதான் அத்தை சமையல்கட்டுல நின்னு மாமாவை வம்புக்கு இழுத்துக்கிட்டு இருந்தாங்க. இருபது வயசுப் பொண்ணு மாதிரி குரலை மெலிசாக்கி, "சார், உங்க உயிருக்கு ஆபத்து. காரணம்..."ன்னாங்க. என் கையில போன் இருந்துச்சு. கட்டளை ஞாபகம் வர்றதுக்குள்ள விரல் அமுக்கிடுச்சு.

'காரணம்'கிறதோட வெட்டி, வீடியோவுல சேர்த்து, கீழ 'குரல்: பேர் சொல்ல விரும்பாத ஒரு தங்கச்சி'ன்னு போட்டேன்.

மத்த குரலை எவனும் மதிக்கல. "யாருப்பா அந்தத் தங்கச்சி?"ன்னு ஊரே கேட்டுச்சு.

புதன்கிழமை அத்தை வேலை முடிஞ்சு வந்து பையைக்கூட இறக்காம நின்னாங்க. "இன்னொண்ணு போன் பண்ணாருடா. புது செக்ரட்டரிக்குச் சனிக்கிழமை குரல் தேர்வாம். நானும் வரலாமாம். ஆனா இணையத்துல ஒரு பொண்ணு பேசியிருக்காளாம், அந்த மாதிரி குரல்தான் கம்பெனி கேக்குதாம். அவளையும் தேடுறாங்களாம்."

என் போன் பையில நடுங்குச்சு. எடுத்துப் பார்த்தா 'காதுல பூ'வுக்கு இன்னொண்ணு அனுப்பின சேதி. தங்கச்சியோட நம்பர் வேணுமாம்.

"அத்தை, அந்த வீடியோவை நீங்க கேட்டீங்களா?"

"நான் ஏன் கேக்கணும்? அடுத்தவ பேசினதைக் கேட்டா அது நாக்குல ஒட்டிக்கும். தேர்வுக்கு முன்னாடி நாங்க யாரும் கேக்க மாட்டோம். ஆனா ஒண்ணு, அவளை ஏத்திவிட்டான் பாரு அந்தப் பக்கத்துக்காரன், அவன் மட்டும் பல்வலின்னு எங்க ஆஸ்பத்திரிக்கு வரட்டும்."

எனக்குக் கடைவாயில சுருக்குன்னுச்சு.

அப்பவே சொல்லியிருக்கணும். நான்தான் மகா புத்திசாலியாச்சே. தங்கச்சி வரலைன்னா போட்டியே இல்லன்னு கணக்குப் போட்டு, 'தங்கச்சிக்கு வர வசதிப்படாது'ன்னு பதில் அனுப்பினேன். அஞ்சாவது நிமிஷம் பதில் வந்துச்சு: 'பரவாயில்லை. அதே மாதிரி பேசுற வேற சின்னப் பொண்ணுங்களைக் கூப்பிட்டுக்கறோம்.' ஒரு தங்கச்சியை விரட்டப் போய் பத்துத் தங்கச்சியை வரவழைச்சுட்டேன்.

அத்தை பயிற்சியில இறங்கிட்டாங்க. வியாழக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில கீச்சுக்குரல். "மூணாம் நம்பர், வாங்க வாங்க!"ன்னதும் மூணாம் நம்பர் தாத்தா, "குழந்தையை எல்லாம் வேலைக்கு வச்சிருக்காங்களே"ன்னு டாக்டர்கிட்ட சண்டை. வீட்ல குழாயைத் திறந்துவிட்டு, குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டு அதே கீச்சு. மாமா என்கிட்ட வந்து, "உள்ள எலி ஏதாவது புகுந்துடுச்சாடா?"ன்னாரு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை வாயைத் திறந்தாங்க. வெறும் காத்துதான் வந்துச்சு.

வாயைத் திறந்தா வார்த்தை வரணும், அதான் எங்க குடும்பத்துக்கே சொத்து. அத்தை சோபாவுல உட்கார்ந்து தொண்டையைத் தடவிக்கிட்டே சுவத்தைப் பார்த்தாங்க. அழல. அழுதிருந்தாக்கூட ஏதாவது கேலி பண்ணித் தப்பிச்சிருப்பேன்.

"அத்தை, அந்தத் தங்கச்சி வந்து..."

நிமிர்ந்தாங்க.

"அந்தத் தங்கச்சி நீங்கதான்."

எல்லாத்தையும் கொட்டிட்டேன். சமையல்கட்டு, போன், 'காதுல பூ', நான் அனுப்பின பதில் வரைக்கும். அத்தை பையைத் திறந்து ஆஸ்பத்திரி டோக்கன் சீட்டுக் கத்தையை எடுத்தாங்க. பின்பக்கம் எழுதி ஒவ்வொண்ணா நீட்டினாங்க.

'எப்ப?'

"போன ஞாயித்துக்கிழமை."

'கிட்ட வா.'

போனேன். அடுத்த ரெண்டு நிமிஷத்துக்குச் சீட்டும் தேவைப்படல, குரலும் தேவைப்படல. குஷனே போதுமா இருந்துச்சு. மாமா பேப்பரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு படிச்சாரு.

அப்புறம் 'போனைக் கொடு'ன்னு ஒரு சீட்டு. காதுல வச்சுக்கிட்டுக் கேட்டாங்க. திரும்பக் கேட்டாங்க. மூணாவது தடவை கண்ணை மூடிக்கிட்டாங்க. பேனாவை எடுத்து, 'ஆபத்துங்கிற இடத்துல மூச்சு விட்டுட்டேன்'னு எழுதினாங்க. அதுக்கு மேல எழுத முடியல. தோள் குலுங்குது. பயந்து போய்க் குனிஞ்சு பார்த்தா, சிரிக்கிறாங்க. சத்தமே இல்லாம, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு. மூணு நாளா இறுகிக் கிடந்த மூஞ்சி அவிழ்ந்து விழுந்துச்சு. கடைசியா ஒரு சீட்டு: 'அப்போ மூணு நாளா நான் எவளைடா திட்டினேன்?'

ஆனா குரல் வரணுமே. சனிக்கிழமை காலையில வெந்நீர், உப்புத்தண்ணி, ஆவி, எல்லாம் பார்த்தாச்சு. காத்துதான்.

மூணு பேரும் வேன்ல போனோம். ஸ்டுடியோ வராந்தாவுல ஆறேழு பொண்ணுங்க தாளை வச்சுக்கிட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க. மாமா ஓரமா ஒரு நாற்காலியைப் பார்த்தாரு, உட்கார்ந்தாரு, தூங்கிப் போயிட்டாரு. நானும் அத்தையும் உள்ள போனோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்னொண்ணு உட்கார்ந்திருந்தாரு, மேஜை நிறைய தாள்.

"சார், 'காதுல பூ' நடத்துறது நான்தான். நீங்க தேடுற தங்கச்சி இவங்கதான்"னேன்.

அவர் அத்தையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "தம்பி, நீ மிமிக்ரிக்காரன். நீயே பேசிட்டு அத்தை மேல ஏத்துறியா?"

"என்னால முடியாது சார்." பேசிக் காட்டினேன்.

"ஆமா, முடியாதுதான்"னு உடனே ஒத்துக்கிட்டாரு. "அம்மா, நீங்களே ஒரு வரி சொல்லுங்க."

அத்தை தொண்டையைக் காட்டிக் கையை விரிச்சாங்க.

"பேசவே முடியாதவங்களை வச்சு நான் என்னம்மா பண்ண?" அவருக்கு நிஜமாவே வருத்தம். "பன்னெண்டு வருஷப் பழக்கம். அதுக்காக இவன் சொல்றதை எப்படி நம்புறது?"

வெட்டாத பதிவு போன்லயே இருந்துச்சு. போட்டேன். 'சார், உங்க உயிருக்கு ஆபத்து. காரணம், சிங்க்ல நீங்க காலையில இருந்து ஊறப் போட்டிருக்கிற பாத்திரம்.' கூடவே ஒரு பெரிய கொட்டாவி, அதுக்குள்ள இருந்து ஒரு ஆம்பளைக் குரல்: 'அஞ்சு நிமிஷம்மா...'

"இது யாரு?"ன்னாரு இன்னொண்ணு.

"எங்க மாமா. வெளிய இருக்காரு."

அவர் எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறந்தாரு. மாமா வாயைப் பிளந்து தூங்கிக்கிட்டு இருக்காரு. இன்னொண்ணு அவர் தோளைத் தொட்டு, "சார், கிளம்பலாமா?"ன்னாரு.

மாமா கண்ணைத் திறக்கல. ஒரு பெரிய கொட்டாவி. "அஞ்சு நிமிஷம்மா..."

முணுமுணுத்துக்கிட்டு இருந்த பொண்ணுங்க எல்லாம் தாளை விட்டுட்டு மாமாவையே பார்த்தாங்க. இன்னொண்ணு திரும்பி வந்து தொப்புன்னு உட்கார்ந்தாரு. முதல் தடவையா எங்க யார்கிட்டயும் இன்னொண்ணு கேக்கல.

"ஏம்மா, இந்தக் குரல் உள்ள இருக்குன்னு இத்தனை வருஷமா நீங்க சொல்லவே இல்லையே?"

அத்தை சீட்டுல எழுதி நீட்டினாங்க. 'நீங்க கேட்டது பெரியம்மா குரல்.'

கொஞ்சம் யோசிச்சு, அடியில ஒரு வார்த்தை சேர்த்தாங்க: 'வயசு?'

"அது படத்துல இருக்கிற பொண்ணோட பிரச்சனை. நமக்கு என்ன?"ன்னு சொல்லிட்டு தேதி பார்த்தாரு. "பதிவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுவரைக்கும் யாராவது டீ வேணுமான்னு கேட்டாக்கூடத் தலையை மட்டும் ஆட்டுங்க. தொண்டை தெளிஞ்சதும் வந்து நாலு வரி பேசிட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பணும். வெளிய நிக்கிற பொண்ணுங்களையும் சும்மா அனுப்ப மாட்டேன், இந்தப் படத்துல நிறைய வெடிக்குது."

வெளிய வந்தப்ப அத்தை அந்தப் பொண்ணுங்க பக்கத்துல ஒரு நொடி நின்னாங்க. ஒருத்தியோட தாளை வாங்கி, ஒரு வார்த்தைக்கு அடியில கோடு போட்டு, மூக்கைத் தொட்டு, கையைத் தூக்கிக் காட்டினாங்க. மூச்சை அங்க இழுன்னு அர்த்தம். அந்தப் பொண்ணு புரிஞ்ச மாதிரி தலையாட்டிச்சு.

வேன்ல நடுவுல அத்தை. சிக்னல் தாண்டுறதுக்குள்ள தலை சாஞ்சிடுச்சு. மூணு நாள் தூங்காத தூக்கம். குறட்டை மெதுவா ஆரம்பிச்சு, ஹெலிகாப்டர் கிளம்புற மாதிரி ஏறுச்சு. மாமா என் கையைப் பார்த்தாரு. நான் போனை எடுத்து அவர்கிட்டயே கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டாரு.

எங்க தெரு வந்துச்சு. மாமா அத்தை தூங்குறதை ஒரு தடவை பார்த்தாரு, வண்டியைத் திருப்பல. வேகத்தைக் குறைச்சு, வீட்டைத் தாண்டி, நேரா ஓட்டிக்கிட்டே இருந்தாரு.