தாய்மாமன் சீரை வாசலில் நிறுத்திய வாய்

அம்மனை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே தயங்குவேன்.

அழகர் ஆற்றில் இறங்காத இரண்டாவது சித்திரை அது. கோச்சடையில் எங்கள் தெருவுக்குள்ளும் கொரோனா வந்துவிட்டது. என் கணவர் டயாலிசிஸில் உயிர் பிழைத்திருந்தார். தொற்று வந்தால் அவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் என் மகள் பெரியவள் ஆனாள்.

சடங்கைத் தள்ளி வைக்கலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. தாய்மாமன் சீர் அவருக்குக் கௌரவம். முந்தின நாள் மதினி போனில் ரகசியமாகச் சொன்னாள்.

"மூணு நாளா காய்ச்சல். சோத்துல ருசியே தெரியலைங்கிறாரு. வெளிய சொல்லிப்புடாத."

உடனே அண்ணனைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன்.

"வெயில்ல அலைஞ்ச சூடு அது. என் உடம்பு எனக்குத் தெரியாதா? மாத்திரையப் போட்டுட்டு வாரேன்."

எங்கள் வீடு ஒற்றை அறை. உள்ளே வருகிறவர் என் கணவர் கட்டிலை உரசித்தான் உட்கார வேண்டும். காளியம்மன் படத்தின் முன் விழுந்து அழுதேன். "தாயே, அண்ணனை வழியிலேயே நிறுத்து" என்றேன். அவள் நிறுத்தவில்லை. மேளத்தோடு வேன் வந்து நின்றது. தட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணன் இருமியபடி படியேறினார்.

"நீ நிறுத்தாவிட்டால் என் வாயையாவது திற" என்று வேண்டினேன். அடுத்து வந்த குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

"அண்ணே, அங்கனயே நில்லுங்க. காய்ச்சலோட வாசப்படி ஏறாதீக. உள்ள கிடக்கிறது என் தாலி."

மேளம் நின்றது.

"என் உடம்பு, என் இஷ்டம்டி. உம் புருசன் மட்டுந்தான் உசுரா?"

"வேன்ல வந்தவுகளும் உசுருதான். அவுகளுக்காச்சும் சொன்னீகளா?"

தட்டோடு நின்ற பெண்கள் மெல்ல விலகினார்கள். அண்ணன் சீரைத் தெருவில் வைத்தார். "இனி செத்தாலும் உன் வாசல் மிதிக்க மாட்டேன்" என்றார். "அம்புட்டுத் திமிரா இவளுக்கு" என்று என் பெரியம்மா காறித் துப்பினாள். மகளுக்கு நானே தண்ணீர் ஊற்றினேன்.

அந்த வாரமே அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அவருடைய மாமனார் பிழைக்கவில்லை. நல்ல மனிதர். என் மகளுக்கென்று பனங்கிழங்கு கொண்டு வந்திருந்தார்.

என்னைக் கருநாக்கு என்று இன்றைக்கும் சொந்தத்தில் ஏசுகிறார்கள். என் நாக்கு யாரையும் கொல்லவில்லை. காய்ச்சலை மறைத்த வாய்தான் கொன்றது. அண்ணனை நான் மன்னிக்கவில்லை. அதையும் அம்மனிடம் சொல்லிவிட்டேன்.

என் கணவர் இருக்கிறார். கோயில் திறந்ததும் காணிக்கை வாங்கப் போனேன். வெள்ளித் தகட்டில் கண், கை, கால் எல்லாம் இருந்தன. வாய் இல்லை. ஆசாரியிடம் சொல்லிச் செய்து வாங்கினேன்.

"வாயா? யாருக்கு ஆத்தா பேச்சு வந்துச்சு?" என்று பூசாரி கேட்டார்.

"எனக்குத்தான் சாமி" என்றேன்.

ஊரே எதிர்த்து நின்றாலும் சொல்ல வேண்டிய சொல் உங்களுக்கும் ஒருநாள் வரும். பயந்தால் அவளிடம் கேளுங்கள். ஊமை மாதிரி இருந்த எனக்கே கொடுத்தாள்.