கடலுக்கு மட்டம் பார்த்தவள்

எல்கடுவ மலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு உயரமென்றால் பயம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் நானும் வெளியே சொல்வதில்லை. முப்பது வருஷம் தேயிலை ஸ்டோர் வாசலில் காவல் காக்கிற வாச்சராக உட்கார்ந்து நாற்காலி தேய்த்தேன். என் மனைவி அதே முப்பது வருஷம் சரிவுகளில் நின்று கொழுந்து பறித்தாள். அவளுக்கு முழங்கால் போயிற்று. எனக்குப் போனது நாற்காலி மட்டும்தான்.

கண்டி ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மேடு ஏற முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவள் சொன்னாள்:

“அதுக்கு முன்னாடி ஒருக்கா கடல மேல இருந்து பாத்துரணுங்க. கீழ நின்னா ஒரு அலை மறு அலைய மறைக்குது. எனக்கு முழுசாப் பாக்கணும்.”

விசாரித்தேன். திருகோணமலைப் பக்கம் கடலோரமாக ஒரு சின்னக் குன்று இருக்கிறதாம், அரை மணி நேர நடைதானாம், கிழவர்களே ஏறுவார்களாம். எனக்குத் தோதான இடம்.

குன்றடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் ஒரு கல்லில் உட்கார்ந்து, சவர்க்காரத்தை நனைத்து முழங்கால் வரைக்கும் பூசினேன். எங்கள் பக்கம் காட்டுக்குப் போகிற எவனும் ரத்தம் உறிஞ்சுகிற அட்டைக்குப் பயந்து செய்கிற வேலைதான் இது. கை தானாகவே செய்துவிட்டது.

“மண்ணு காஞ்சு வெடிச்சுக் கெடக்கு, அட்டை எங்கேருந்துங்க வரும்?” என்றாள் மனைவி.

பக்கத்தில் இளநீர் விற்ற அம்மா என் கால்களைப் பார்த்தார். “ஐயா, முதல்ல கடல்ல குளிச்சிட்டு வாங்கோ. பிறகு சோப்புப் போடலாம்.”

கௌரவத்தோடு நடக்கத் தொடங்கினேன். மனைவி கையில் ஊன்றுகோல் இல்லை, வேண்டாமென்றுவிட்டாள். பழைய மட்டக்கம்பைக் கொண்டுவந்திருந்தாள். தேயிலைச் செடிகளின் மேல் கிடத்தி, பறிக்கிற மட்டம் பார்க்கிற அந்த மெல்லிய குச்சி. பறித்து முடித்தால் அதற்கு மேல் ஒரு இலைகூட நிற்கக் கூடாது. ஊன்றினால் ஒடியும். ஆனாலும் கையில் அது இருந்தால்தான் நடை வருமாம்.

புதர்களுக்கிடையே கடல் துண்டு துண்டாக மின்னியது. அவள் தலையைத் தூக்கவேயில்லை. “முழுசாத் தெரியிற எடத்துலதான் நிமிருவேன்.” பரிசைப் பிரிக்காமல் வைத்திருக்கிற பிள்ளை மாதிரி, மண்ணைப் பார்த்தே நடந்தாள்.

எனக்கோ வேர்வையும் சவர்க்காரமும் கலந்து செருப்புக்குள் நுரை கட்டிவிட்டது. கடைசிச் சரிவில் ‘சர்ர்’ரென்று வழுக்கி, உட்கார்ந்தபடியே பத்தடி இறங்கினேன். அவள் ஏறியிருந்த தூரத்தைத் திரும்ப இறங்கிவந்து என்னைத் தூக்கினாள். தூக்கிய பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அட்டைக்குப் பயந்த மடையனால் அவளுக்குக் கடல் கிடைக்காமல் போகப்போகிறது.

“திரும்பிருவமா புள்ள?”

“நீங்க வேணும்னா உருண்டு போங்க. உங்களுக்குத்தான் வருதே. நான் மேல போறேன்.”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு அடிக்கும் நின்றாள். உச்சிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

நான் ஒரு புதரின் வேரைப் பிடித்து உட்கார்ந்துதான் பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்கே வேரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கரையோரம் பச்சை, அப்பால் நீலம், அதற்கும் அப்பால் பெயர் தெரியாத ஒரு நிறம். அலைகளின் சண்டையெல்லாம் காலடியில்தான். தூரத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவள் மட்டக்கம்பைக் குறுக்காக நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கடல் முடிகிற கோட்டோடு சேர்த்துப் பார்த்தாள்.

“ஒரு எல கூட மேல நிக்கலீங்க,” என்றாள். “முப்பது வருசமா கங்காணி மட்டம் மட்டம்னு கத்துனாரே, இதத்தான் கேட்டிருக்காரு போல.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “எந்திரிச்சு வந்து பாருங்க. சட்டைய நான் புடிச்சிக்கிறேன்.”

வேரை விட்டுவிட்டுப் போனேன். குச்சியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரைக்கும் கடல். இரண்டு பக்கமும் இன்னும் மிச்சம் இருந்தது.