மரக்காணம் உப்பளத்தில் ஒரு குடும்பப் படம்

பிப்ரவரியில் நான் மரக்காணம் போனதற்குக் காரணம் ஹருமி. குடும்பத்தில் ஆண் வேலை எது, பெண் வேலை எது என்று யார் முடிவு செய்தது என்பதைத் தன் படைப்புகளில் கேட்டுக்கொண்டே இருக்கும் ஜப்பானியக் கலைஞர். நான் ஜப்பானியம்–தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்பதால் துணைக்குக் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் சுமார் 120 கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, மரக்காணத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் உப்பளம் போனோம். (வெள்ளைப் பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள்.)

ஹருமி கேட்டது ஒன்றுதான். கணவனும் மனைவியும் தினமும் செய்யும் வேலைக்கான பொருளைக் கையில் பிடித்துப் படத்துக்கு நிற்க வேண்டும். முதலில் வந்தவர்கள் உப்பளத்தில் வேலை செய்யும் அம்சாவும் அவர் கணவர் குமாரும். அம்சா கையில் உப்பு வாரும் பலகை. குமார் கையில் லாரிச் சாவி. அதைப் பார்த்ததும் அம்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகில் அடிபட்டதிலிருந்து இரண்டு வருடமாகக் குமார் வண்டி ஓட்டுவதில்லையாம். சாவி அவர் அண்ணனுடையதாம்.

“வூட்ல சமைக்கிறது இவருதாங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு,” என்றார்.

அம்சாவுடன் வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். குமார் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹருமிக்கு முகமே வாடிவிட்டது. ஒரு குடும்பத்தில் சண்டை மூட்டிவிட்டோமே என்று அம்சாவிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அம்சாவும், சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆனால் பலகையைக் கீழே வைக்கவில்லை.

அரைமணி நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது. குமார் துணி சுற்றிய மீன்குழம்புச் சட்டியோடு இறங்கினார்.

“இதாங்க நான் தெனம் செய்யிற வேல. படம் எடுங்க,” என்றவர், சிரித்தவர்கள் பக்கம் திரும்பினார். “சிரிக்கிறவன் மொதல்ல ஒரு வாய் துன்னு பாரு.”

தின்று பார்த்தார்கள். சட்டி காலியானது. (சங்கரா மீன். புளிப்பும் காரமும் அப்படி ஒரு பதம்.) அதற்குப் பிறகு ஹருமியால் கேமராவைக் கீழே வைக்க முடியவில்லை. கணவர் ஒருவர் துடைப்பத்தோடு வந்தார். மகளுக்குத் தினமும் தலை பின்னிவிடும் அப்பா ஒருவர் சீப்பும் ரிப்பனுமாக நின்றார்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் பாத்திகள் தண்ணீரில் மூழ்கியிருக்கும், அது முடிந்தபின் போங்கள். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள். புதுச்சேரி முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், தங்குவதற்கு அங்கே வசதி.

அம்சா பலகையோடும் குமார் சட்டியோடும் நிற்கும் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் மாட்டலாமா என்று அம்சா தயங்கினார். குமார் ஆணியும் சுத்தியலுமாக முன்னால் வந்துவிட்டார்.

“வாசலுக்கு நேரா மாட்டுறேன். வர்றவங்க பார்க்கட்டும்.”