இரண்டு கண்ணுக்கும் பூஜ்யம்

கண் பரிசோதனை முடிவை எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டு கையையும் தூக்குவேன். ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதப்போய், நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் சித்தப்பா ஒரு வாரம் கண் தெரியாதவராக இருந்தார்.

சித்தப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். காலையில் திருக்கழுக்குன்றத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மறைமலைநகருக்குப் போவார். வருஷத்துக்கு ஒரு முறை டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. அவருக்கு எப்போதும் ஆறுக்கு ஆறு. அந்த 6/6 சீட்டை என் ரேங்க் கார்டுக்குப் பக்கத்தில் வைத்து, "பாத்தியா பாப்பா, சென்டம்!" என்பார். என் கணக்கு மார்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார், சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது.

அந்த வருஷம் கம்பெனி வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. சித்தப்பா போர்டில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டு, சீட்டை மடித்து வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் வந்து பிரித்தால் வலது கண் 0.0, இடது கண் 0.0.

"புள்ளிக்கு முன்னாடியும் ஜீரோ, பின்னாடியும் ஜீரோ" என்றார் அப்பா. "ஒரு அரை மார்க் போட்டா அவன் வூட்டு சொத்தா போயிடும்?"

"எல்லாத்தையும் படிச்சேண்ணா. இப்பக்கூட நல்லாத்தான் தெரியுது."

அப்பாவிடம் எதற்கும் ஒரு விளக்கம் கைவசம் இருக்கும். "நமக்கு இன்னாடா தெரியும்? உள்ளுக்குள்ள நரம்பு செத்துகினே வரும். மெஷினுக்குத்தான் மொதல்ல தெரியும். ஒரு நாள் பொசுக்குனு இருட்டிடும்."

படித்தவர்கள் எழுதிக் கொடுத்தது. சித்தப்பா தன் கண்ணை விட்டுவிட்டுச் சீட்டை நம்பினார். அதை ஆபீசில் கொடுத்தால் வேலை போய்விடும். கொடுக்காமல் ஓட்டவும் அவருக்கு மனசு வரவில்லை. "பஸ் நெறைய ஆளுங்கள வெச்சுகினு எப்டி ஓட்றது?" என்று சொல்லிவிட்டு, காய்ச்சல் என்று லீவு போட்டார். சித்தி அழுதுகொண்டே பொன்னாங்கண்ணிக் கீரை ஆய்ந்தாள். கூட்டு, பொரியல், அடை என்று எதைத் தொட்டாலும் கீரை. எல்லோர் தட்டிலும் அதுதான் விழுந்தது.

கீரையைத் தவிர்த்துப் பார்த்தால் எனக்கு அது பொற்காலம். சித்தப்பா பகலெல்லாம் வீட்டில் இருந்தார். நான் வரைந்த படங்களை ஒன்றுவிடாமல் வாங்கிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்னை மகாபலிபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். வண்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் டவுன் பஸ்ஸில் போனோம். கடலுக்கு முதுகைக் காட்டி என்னை நிற்கச் சொன்னார். போட்டோ எடுக்கப் போகிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே நின்றேன். செல்போன் வெளியே வரவேயில்லை.

"இன்னா சித்தப்பா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. அப்டியே நில்லு."

வாய் வலிக்கும்வரை சிரித்தேன். பிறகு பொரித்த மீன் வாங்கித் தந்தார்.

கடைசியில் அம்மாவுக்குத்தான் பொறுமை போயிற்று. "செத்த நரம்பா இருந்தாலும் அவங்களே சொல்லட்டும், வா தம்பி" என்று சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் தொற்றிக்கொண்டேன். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். ஜீரோ என்றால் குறை ஜீரோ என்று அர்த்தமாம். சிலர் ஆறுக்கு ஆறு என்று எழுதுவார்கள், சிலர் இருபதுக்கு இருபது என்பார்கள், எங்கள் முறையில் இப்படி, எல்லாம் ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினார்.

சித்தப்பா சீட்டை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "ஒண்ணுதான்னா ஒண்ணையே எழுதக் கூடாதா டாக்டரம்மா?" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. டாக்டரம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாளே சித்தப்பா பஸ்ஸை எடுத்தார். சித்தி வடை சுட்டாள், அதில் கீரை இல்லை. அப்பா, தான் அப்போதே சந்தேகப்பட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், என்னைத் தவிர. சித்தப்பா பழையபடி வேலை முடிந்து வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். படத்தை நீட்டினால், "சூப்பரு பாப்பா" என்று திரும்பாமலே சொல்வார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் அம்மாவிடம் புகார் சொன்னேன்.

"சித்தப்பாக்குக் கண்ணு சரியானதுலேர்ந்து என்னைப் பாக்கறதே இல்லம்மா."

அம்மா கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். நான் கேட்டது நியாயம், அவள் போய் சித்தப்பாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏன் அழுதாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.