கோணல் கோடு

முப்பது வருடமாகக் கட்டட வரைபடம் போடுகிறவன் நான். என் கோடு கோணிப்போனதாக ஒருவரும் சொன்னதில்லை. கரமனையில் எங்கள் வீட்டில் என் மனைவி திரைச்சீலை மாட்டினாலும் காலண்டர் தொங்கவிட்டாலும் "கோணல், கோணல்" என்று பின்னாலேயே நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டைத் திறந்து கொடுத்தாள். ஒரு பூனைக்குட்டியை நோக்கிக் குட்டிப் பேய்கள் மிதந்து வரும். ஒவ்வொன்றின் தலைமேலும் ஒரு வடிவம் இருக்கும். அதை மௌஸால் வரைந்தால் பேய் மறைந்துவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அளவெடுத்தாற்போல் ஒரு கோடு இழுத்தேன். அது முடிவதற்குள் நாலு பேய்கள் பூனையைச் சூழ்ந்துவிட்டன. மூன்று ஆட்டம் ஆடினேன், மூன்றிலும் தோல்வி. இதைச் செய்தவனுக்குக் கோடு என்றால் என்னவென்றே தெரியாது என்று கத்தினேன்.

"நீங்க அழகு பாத்துண்டிருந்தா பேய் காத்துண்டு நிக்குமா?" என்று மனைவி மௌஸைப் பிடுங்கிக்கொண்டாள். கோழி கிளறினாற்போல் கிறுக்கினாள். பேய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. "அடிபொளி அம்மா!" என்று மகள் மலையாளத்தில் பாராட்டிக் கைதட்டினாள், என்னையறியாமல் நானும் தட்டினேன்.

மறுபடி என் முறை வந்தது. வெட்கத்தை விட்டுக் கன்னாபின்னாவென்று கிறுக்கினேன். பூனை பிழைத்தது. நான் துள்ளிக் குதித்தபோது பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது: "ஏன்னா, அத்தனையும் கோணல்!"