அளக்க வந்த துரையைக் கொன்றவன்

அந்த வருடம் நிலக்கரி மைன்ஸில் எனக்கு ஷிஃப்ட் மாறி மாறி வந்தது. குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் படுக்கப் பிடிக்காது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாவல் எழுதுவேன். வெள்ளைக்காரன் காலத்துக் கதை. வெள்ளாற்றங்கரையில் நிலம் அளக்க வந்த துரை கூடாரத்தில் செத்துக் கிடக்கிறான். கொன்றது யார்? வரி கட்ட முடியாமல் நிலத்தை இழந்த குடியானவன் என்று முடித்திருந்தேன்.

முதலில் படித்தது என் மனைவி. முத்தாண்டிக்குப்பம் பக்கத்துப் பெண். அவள் அப்பாவின் முந்திரித் தோப்பு எங்கள் சுரங்கத்துக்குப் போயிருந்தது. படித்து முடித்தவள் துணி துவைக்கப் போய்விட்டாள். அதன் பிறகு “சாப்பிடுங்க” என்பதைத் தவிர பேச்சில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்பை பிளாக் பிளாக்காகச் சுற்றினேன். கடைசியில் கேட்டே விட்டேன்.

“நிலத்த வுட்டவன் கொல பண்ணுவான்னு எழுதிட்டீங்க. எங்கப்பா என்னா பண்ணாரு தெரியுமா? அளக்க வந்தவங்களுக்கு மோர் கொண்டாந்து குடுத்துகினு நின்னாரு.”

மாற்றி எழுதினேன். துரைக்கு மொழிபெயர்க்க வந்த துபாஷியே தன் லஞ்ச விவகாரம் வெளிவராமலிருக்கக் கொன்றுவிடுகிறான், சந்தேகத்தில் பிடிபட்ட குடியானவனுக்கு விடுதலை. அதைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள்.

“யாரு வுடுதல பண்ணுவா? செத்தவன் துரைங்க. ஊரு அடங்கணும்னா கலெக்டரு எவனையாவது தூக்குல போட்டாவணும் இல்ல?”

அந்த அத்தியாயத்தை எழுத லீவு போட வேண்டியிருந்தது. கொன்றது துபாஷி என்று கலெக்டருக்குத் தெரிகிறது. ஆனால் வரிவசூலுக்கு அவன் வேண்டும். குடியானவன் தூக்கில் தொங்குகிறான். எழுதிக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

சென்னைப் பதிப்பாளர் ஒருவர், “குடியானவனைத் தப்பிக்க விடுங்கள், புத்தகமாகப் போட்டுவிடலாம்” என்றார். முடியாது என்றேன். வேறொருவர் சில வருடம் கழித்துப் போட்டார்.

புத்தகம் வந்த அன்று கடைசி அத்தியாயத்தை அவள் நின்றபடியே படித்தாள்.

“நல்லாருக்கு,” என்றாள். பிறகு, “தூக்குல போட்டாங்களே, அவன் பொண்டாட்டி என்னா ஆனா?”

அப்படியொருத்தி இருப்பாள் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மறுநாள் ஷிஃப்ட் முழுக்க, அந்தப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த ஊர்ப்பக்கம் நடந்திருப்பாள் என்ற யோசனையிலேயே இருந்தேன்.