ஆடியில் கையெழுத்துப் போட வந்த அண்ணாச்சி

அன்று என் அறையில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்கிறேன். வாசலையொட்டிப் பக்கத்து அறை ஜெபமணி அக்கா. அவளுக்கு எதிரே டீக்கடை யூசுப் பாய். கட்டிலில் என் தம்பி சுப்பையா. அடுப்படியில் என் மருமகள் கலா. கையில் வெற்றிலைத் தட்டோடு நான். ஆவணி பிறந்து மூன்றாம் நாள், காலை பத்து மணி. முப்பத்தோரு வருடம் நான் வாடகைக்கு இருக்கும் இந்தத் தாராவி அறையை என் பேருக்கு எழுதிக் கொடுக்க வீட்டுக்காரர் வேலாயுதம் அண்ணாச்சி வருவதாக இருந்தது. பத்தேகாலுக்குக் கலாவின் செல்போன் அடித்தது. செம்பூரிலிருந்து அண்ணாச்சி வீட்டுப் பெண் பேசினாள். குளித்துவிட்டு வந்து சட்டைக்குள் கையை விட்டவர் அப்படியே சரிந்துவிட்டாராம். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

கலா சொல்லி முடித்ததும் நான் கேட்டேன், "அப்போ எத்தனை மணிக்கு வருவாவளாம்?" மறுபடியும் கேட்டேன். ஜெபமணி அக்காதான் எழுந்து வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கினாள். "இனி வரமாட்டாவ பேச்சி" என்றாள். கேசரி அடுப்பிலேயே தீய்ந்தது. அதை இறக்க வேண்டும் என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பட்டுச் சேலையை மாற்றவும் தோன்றவில்லை. செம்பூரில் சுற்றி உட்கார்ந்து அழுத பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தபோதுதான் நான் என்ன உடுத்தி வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அண்ணாச்சி நடுவில் படுத்திருந்தார். சட்டையில் ஒரு கை மட்டும் நுழைந்திருந்தது. இன்னொரு கையை யாராவது மாட்டிவிடுங்களேன் என்று சொல்ல நினைத்தேன். இன்று வரை அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது.

அண்ணாச்சியைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நான் கண்டதை நான்தானே சொல்ல வேண்டும். நாங்கள் குடிவந்த முதல் மழையில் கூரைத் தகரம் ஒழுகியது. ஆள் அனுப்பிச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஏணியோடு அவரே வந்துவிட்டார். என் புருஷன் மில்லில் ஷிப்டில் இருந்தார். நான் மட்டும் இருப்பதைப் பார்த்து அண்ணாச்சி உள்ளே வரவில்லை. உள்ளே வாருங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியும் கேட்காமல், கொட்டுகிற மழையில் வெளியிலிருந்தே ஏறித் தகரத்தை மாற்றினார். "சுவரு நாலும்தான் எனக்குச் சொந்தம் தங்கச்சி. உள்ள இருக்கது ஒங்க வீடு" என்றார். பம்பாயில் எத்தனையோ வீட்டுக்காரர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இப்படிச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

சண்டை போடாமலும் இல்லை. என் மகன் கல்யாணத்துக்கு முன்னால் மேலே ஒரு அறை எடுக்க அனுமதி கேட்டேன். ஜெபமணி அக்காவுக்குக் கொடுத்தவர் எனக்குக் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் நான் அவரோடு பேசவில்லை. அவர் வாசலில் வந்து நிற்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடகையைப் படியில் வைப்பேன். ஒரு நாள் வெயிலில் நின்றுகொண்டு சொன்னார், "கோவத்தைச் சித்த நேரம் கீழ எறக்கி வச்சிட்டு ஒரு டீ குடு தங்கச்சி. நான் போனப்புறம் எடுத்துக்கோ." வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்தேன். முழுசாகக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். என் பக்கத்துச் சுவர் மேல்தளத்தைத் தாங்காது என்பதை அன்றுதான் சொன்னார். அடுத்த மாதமே அந்தச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டித் தந்தார். காரணத்தை முதலிலேயே சொல்லாததற்காக மேலும் ஒரு வருடம் நான் கோபமாகத்தான் இருந்தேன்.

இனி ஆடியில் நடந்தது. ஒரு மத்தியானம் நல்ல மழை. நானும் சுப்பையாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், நெத்திலிக் குழம்பு. அண்ணாச்சி நனைந்தபடி வந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். விலையெல்லாம் ஆனியிலேயே பேசி முடித்திருந்தோம். "எனக்கு அப்புறம் எம் மவன் இந்தப் பேச்சை நிக்க வைப்பான்னு நெனைக்காத. நான் இருக்கும்போதே ஒன் பேருக்கு ஆயிரட்டும்" என்றார். ஆடியில் யாராவது வீடு வாங்குவார்களா என்று கேட்டேன். சிரித்தார். "சரி, கையெழுத்தை இப்ப போட்டுருதேன். தேதியை ஆவணியில நீயே எழுதிக்கோ." பேனாவை எடுத்தார். நனைந்திருந்ததால் எழுதவில்லை. சுப்பையா எச்சில் கையைத் துடைத்துவிட்டுத் தன் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தான். "போடட்டுமேக்கா, ஆடியாவது ஒண்ணாவது" என்றும் சொன்னான்.

நான்தான் விடவில்லை. "தேதி எப்ப வேணா எழுதலாம் அண்ணாச்சி. கை எழுதுனது ஆடியிலதான" என்றேன். அவர் பத்திரத்தை மடித்து உறைக்குள் வைத்தார். ஆவணி பிறந்ததும் முதல் வேலை இதுதான் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனோம். சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அண்ணாச்சியின் மகன் ரமேஷிடம் விஷயத்தைச் சொன்னேன். முலுண்டில் இருப்பவன், மரியாதையான பையன்தான். "தேகோ, பாருங்க அத்தை, அப்படி ஒரு பேப்பர் எங்க வீட்டுல இல்ல. பீரோ முழுக்கத் தேடியாச்சு. அப்பா பேசினத யாராவது கேட்டிருந்தா சொல்லட்டும், நான் யோசிக்கேன்" என்றான். அண்ணாச்சி பேசியதை என்னோடு நேரில் கேட்டவன் சுப்பையா ஒருவன்தான். நான் நிம்மதியாக அவனைப் பார்த்தேன். சுப்பையாவின் காரகானா, அவன் தையல் பட்டறை, இருப்பதும் அண்ணாச்சியின் இடத்தில்தான். அதற்கும் இனி அவன் ரமேஷ் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இது எனக்கு அந்த நிமிடம் நினைவுக்கு வரவில்லை.

சுப்பையா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "அக்கா சொன்னா இருக்கும் மாப்ளே. எனக்குத்தான் சரியா ஞாபகம் இல்ல."

அவ்வளவுதான். இனிமேல் பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டுக்கொள்ளலாம் என்று ரமேஷ் சொன்னான். முப்பத்தோரு வருடம் இருந்தவளுக்குப் பதினோரு மாதம். அந்தக் காகிதம் வந்துவிட்டது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாமல் எத்தனை நாள் இருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அண்ணாச்சியைப் பற்றிப் பெரிதாக எழுதத் தெரியாது. அவருக்கு அவசரம் எதுவும் கிடையாது, பணத்துக்கும் முடை கிடையாது. எனக்காக மட்டும் ஒரு மழை நாளில் பஸ் ஏறி வந்தார். அறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வருகையை நான் வைத்துக்கொள்வேன். அதை எடுத்துக்கொண்டு போக எந்த அக்ரிமெண்டாலும் முடியாது.

ஆடி என்று சொல்லித் தடுத்த என்னை நான் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் பயத்தில் சொன்னேன் என்று என்றாவது என்னை விட்டுவிடுவேன். ரமேஷ் தன் காதால் கேட்காதவன், அவனையும் விட்டுவிடுவேன். எழுத அண்ணாச்சி கையில் பேனா கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். என் கூடப் பிறந்தவன், பெயர் சுப்பையா. அவனை மன்னிக்க மாட்டேன்.